கலியன் எழுதிக் கொடுத்தது

மனைவி இறந்த பிறகு, 1996இல், கலியன் கல்கத்தாவை அடுத்த ஹவுராவில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, நகரத்துக்குள், கார்டன் ரீச்சில் மகன் மாணிக்கத்துக்கு ஒதுக்கியிருந்த அரசாங்கக் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். மருமகள் லதா காற்று வரும் அறையை அவருக்குக் கொடுத்துவிட்டுக் குழந்தைகளோடு கூடத்தில் படுத்துக்கொண்டாள்.

கலியனும் மத்திய அரசு ஊழியர்தான். மகனின் குவார்ட்டர்ஸில் தங்கினால், சம்பளத்தோடு வரும் வீட்டு வாடகைப் படியை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். தெரிந்தும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார். ஐந்து வருடம் ஓடிவிட்டது. ஓய்வுபெறும் சமயத்தில் தணிக்கையில் அகப்பட்டார். பணிக்கொடையில் பாதிக்கு மேல் பிடிக்கப்போவதாக அலுவலகம் சொன்னது.

"மகன் உங்களை வச்சுக்கலைன்னு எழுதிக் குடுங்க சார். தனியா ரூம் எடுத்து இருந்தேன்னு சொல்லுங்க. யாரு வந்து பாக்கப்போறாங்க?" என்றார் கூட வேலை பார்த்த பார்த்தசாரதி.

கலியன் அப்படியே எழுதினார். நம்பும்படி இருக்கட்டும் என்று, மருமகள் சோறு போட மறுத்ததாக ஒரு வரியும் சேர்த்தார். வீட்டில் மூச்சுவிடவில்லை.

ஒரு சனிக்கிழமை, மாணிக்கம் டியூட்டிக்குப் போயிருந்தபோது விசாரணைக்கு அதிகாரி வந்தார். உள்ளறையில் கலியன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்றபடியே கடிதத்தை வாசித்துக் காட்டிய அதிகாரி, "இது உண்மையா?" என்று கேட்டார்.

லதா உள்ளறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "ஆமாம். அவர் எங்களோட இருந்ததில்ல" என்றாள்.

கேட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு வங்காள அம்மாள், எல்லோரும் காகிமா (சித்தி) என்று கூப்பிடுகிறவள், அவளுக்குப் பொறுக்கவில்லை. "இவளா சோறு போடாதவள்? அஞ்சு வருஷமா பெத்த அப்பா மாதிரி பார்த்துக்கிறாளே!" என்று வங்காள மொழியில் அதிகாரியிடம் சண்டைக்குப் போய்விட்டாள்.

அவள் சொன்னதை அதிகாரி எழுதிக்கொண்டு போனார்; பணம் பிடிக்கப்பட்டது. மாணிக்கம் இரண்டு நாள் சத்தம் போட்டான், பிறகு விட்டுவிட்டான். லதா மட்டும் அதிகாரி வந்துபோன அன்று மத்தியானமே சாப்பாடு போடும்போது கேட்டுவிட்டாள்.

"பணம் போனா போகுது மாமா. எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. சோறு போடலைன்னு எழுத எப்படி மனசு வந்துச்சு?"

"புத்தி கெட்டுப் போச்சும்மா."

அவள் ரசம் ஊற்றினாள்.

சாகும்வரை கலியன் அங்கேதான் இருந்தார். லதா ஒருவேளைகூடக் குறை வைத்ததில்லை. ஆனால் பரிமாறியதும் எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் வழக்கத்தை விட்டுவிட்டாள். அதுதான் கலியனை அரித்தது. மிஞ்சிய பணிக்கொடையை அவள் பெயரில் பேங்கில் போடுவதாகச் சொல்லிப் பார்த்தார்.

"உங்க பேர்லயே இருக்கட்டும் மாமா" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.