நாற்பத்தொரு வீடுகளுக்கு மேலே ஒரு விரிசல்

சீனிவாசபுரம் குப்பத்து செபஸ்தியான் கடலுக்குப் போனதில்லை. ராஜா அண்ணாமலைபுரத்து அடுக்குமாடிகளில் கயிற்றில் தொங்கி வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான். உயரத்துக்குப் பயப்படாத ஆள் தேவைப்பட்ட ஒரு அடையாறு கம்பெனி அவனை அழைத்துக்கொண்டது. மலைச்சரிவு, பாறைச் சரிவு ஆபத்துகளைக் கணித்துச் சொல்லும் கம்பெனி அது. அங்கே பொறியாளர் ஜெயபாரதிக்குக் கீழே அவனுக்கு வேலை.

வட மாநிலம் ஒன்றில் ஒரு மலைக்கு அடியில் நிலக்கரி வெட்டினார்கள். கீழே குடையக் குடைய மேலே மலை அமுங்கியது. செங்குத்துப் பாறையில் விரிசல் விட்டது. செபஸ்தியான் கயிற்றில் இறங்கி, விரிசலின் இரு பக்கமும் ஆணி அடித்து, வாரத்துக்கொரு முறை இடைவெளியை அளந்தான். முதல் வாரம் நான்கு சென்டிமீட்டர். மூன்றாம் வாரம் பதினொன்று. நேர் கீழே சுரங்கத் தொழிலாளிகளின் நாற்பத்தொரு வீடுகள்.

"வீடுங்களைக் காலி பண்ணணும், சுரங்கத்தை நிறுத்தணும்னு எழுதறேன் செபஸ்தி. அளவுக்கு நீ கையெழுத்துப் போடு" என்றாள் ஜெயபாரதி, அடையாறு ஆபீசுக்குத் திரும்பியதும். போட்டான்.

விஷயம் கசிந்தது. சுரங்கக் குத்தகைக்காரரின் ஆள் போனில் வந்தான். "ஆறுன்னு மாத்திப் போடு. போதும்."

"பாறை ஆறுல நிக்கலியே" என்று செபஸ்தியான் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் அடையாறு பஸ் டிப்போவுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பைக் குறுக்கே நின்றது. இரண்டு பேர்.

"மலைய அளக்குற ஆளு நீதானா நைனா? எந்தக் கையால கையெழுத்துப் போட்டே?"

வாயைத் திறப்பதற்குள் இரும்புக் கம்பி தாடையில் இறங்கியது. விழுந்தவனின் வலது கையை ஒருவன் நடைபாதை விளிம்பில் வைத்து மிதித்துக்கொள்ள, மற்றவன் ஓங்கி ஓங்கி அடித்தான். மூன்றாவது அடியில் எலும்பு நொறுங்கும் சத்தம் அவன் காதிலேயே விழுந்தது. இளநீர் விற்கும் கோமளம் அரிவாளோடு பாய்ந்து வந்து, கம்பி வைத்திருந்தவன் தோளில் ஒரே வெட்டாக வெட்டினாள். ரத்தம் சொட்டச் சொட்ட பைக் பறந்தது.

ஆஸ்பத்திரியில் மனைவி ஏஞ்சல் கத்தினாள். "உனக்கு இன்னாத்துக்குய்யா இந்த வீம்பு? அவங்கல்லாம் உனக்கு இன்னா சொந்தமா?"

"அங்க கொயந்தைங்க கீது ஏஞ்சல். போனக் குடு."

சுரங்கத் தொழிலாளர் தலைவர் இனாயத்திடம் அரைகுறை இந்தியில் சொன்னான்: ஆர்டர் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், இன்றைக்கே கிளம்புங்கள்.

கிளம்பினார்கள். நான்காம் நாள் உச்சிவெயிலில் மலை இடிந்தது. இனாயத்திடமிருந்து போன் வந்தது. பஸ் அளவுப் பாறைகள் உருண்டு வந்து சுவர்களைத் தூளாக்கிவிட்டனவாம். "எல்லாரும் பொழைச்சோம் பாய். என் தம்பி மட்டும் சிலிண்டர் எடுக்கத் திரும்பிப் போனான். பாதி உடம்புதான் கெடைச்சது."

செபஸ்தியான் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

தோள் வெட்டு காட்டிக்கொடுத்ததில் கம்பிக்காரன் பிடிபட்டான். அடையாளம் காட்டச் செபஸ்தியானைக் கூப்பிட்டார்கள். காட்டினான், அதோடு நிற்கவில்லை. இடது கையை மடக்கி அவன் மூக்கில் குத்து விட்டான். இரண்டு போலீஸ்காரர்கள் சேர்ந்து இழுத்தும் விடவில்லை.

"யோவ், கேஸே கெட்டுப்போயிடும்யா!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போவட்டும் சார்" என்று அழுதான்.

வலது கை விரல்கள் இன்னும் மடங்குவதில்லை. கயிறு பிடிக்க முடியாது. இப்போது ஜெயபாரதி அவனை வேறு மலைகளுக்கு அழைத்துப் போகிறாள். கீழே இருக்கும் வீடுகளில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, மேலே பாறை எவ்வளவு பிளந்திருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டு வருகிறான்.