மவுசுக்குப் போட்ட பவுடர்

பிரிக்பீல்ட்ஸில் கல்யாண அட்டை அச்சடிக்கும் ஒரு கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது. அதற்குத் தனி அறை, தனி ஏர்கான், வேலை முடிந்ததும் போர்த்திவிட ஒரு வெல்வெட் துணி. முதலாளியின் மாமியார் வந்து தங்கியிருந்தால்கூட அவ்வளவு உபசாரம் நடந்திருக்காது. அறைக்கு வெளியே இருந்தவர்களுக்கெல்லாம் ஒரு பழைய காற்றாடி.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அந்தக் கம்ப்யூட்டரை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டோம். காலையில் நான், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா. அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் வருபவர், நாற்பதைத் தாண்டியவர், அதே கடையில் பதினைந்து வருடம் தமிழ்த் தட்டச்சு அடித்தவர். தட்டச்சு மெஷினை மூலையில் தூக்கி வைத்ததும், சனிக்கிழமைதோறும் வகுப்புக்குப் போய், நோட்டில் எழுதி எழுதிக் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டார். நான் படித்தது நண்பன் வீட்டில், கேம்ஸ் விளையாடி. ஆனாலும் எல்லாம் தெரிந்தவன் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்று வயதில் அது ஒரு வியாதி.

தை மாதக் கல்யாணங்களுக்கான வேலை சூடுபிடித்த நேரத்தில் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“இந்த சீசன் முடிஞ்சா கம்ப்யூட்டருக்கு ஒரு ஆள் போதும். இன்னொரு ஆள் பூச்சோங் ஸ்டோருக்குப் போகணும். யாருன்னு வேலையப் பாத்துட்டுச் சொல்றேன்.”

பூச்சோங் ஸ்டோர் என்பது அட்டைகளை மடித்து, உறையில் போட்டு, நூறு நூறாகக் கட்டும் இடம். கிள்ளானிலிருந்து அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். அக்காவுக்கு அலைச்சல்கூடப் பெரிதில்லை. அத்தனை சனிக்கிழமைகள் உட்கார்ந்து படித்தது அதோடு போய்விடும். அவர் முகம் அன்று முழுக்க சரியில்லை.

அந்தக் காலத்து மவுசின் வயிற்றுக்குள் ஒரு ரப்பர் உருண்டை இருக்கும். அது உருண்டு, உள்ளே இருக்கும் சின்ன உருளைகளைச் சுற்றினால்தான் திரையில் அம்பு நகரும். எங்கள் மவுஸ் கொஞ்சம் இழுத்து இழுத்து நகர்ந்தது. நானோ ரயில்வே குடியிருப்பில் மாலைதோறும் கேரம் ஆடுகிறவன். இழுக்கிற எதற்கும் எனக்குத் தெரிந்த ஒரே மருந்து பவுடர். கேரம் பவுடர் டப்பாவை டிராயரில் வைத்துக்கொண்டு, காலையில் வந்ததும் மவுஸ் ஓடும் அட்டையில் ஒரு சிட்டிகை தூவி, உள்ளங்கையால் தேய்த்துவிடுவேன். மவுஸ் வழுக்கிக்கொண்டு ஓடும். இந்த யோசனை உலகத்தில் வேறு யாருக்கும் வந்திருக்காது என்று எனக்கு ஒரே பெருமை. ஏன் வரவில்லை என்று மட்டும் யோசிக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் முதலாளி சிக்கனத்துக்காக ஏர்கானை அடைத்துவிடுவார். அறை வெந்துபோகும். உள்ளே போன பவுடர் அந்தப் புழுக்கத்தில் ஈரத்தை இழுத்து, உருளைகளில் மாவு மாதிரி அப்பிக்கொள்ளும். அப்போதுதான் அக்கா வந்து உட்காருவார். அட்டையின் தலைப்பில் வைக்கவேண்டிய பிள்ளையாரை மெதுவாக நகர்த்திக்கொண்டு போவார். பாதி வழியில் அம்பு நின்றுவிடும். பிள்ளையார் மாப்பிள்ளை பெயரின் மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டார். மறுநாள் காலையில் நான் வந்து மவுசை மேசையில் இரண்டு தட்டு தட்டி, புதுப் பவுடர் போட்டால் மத்தியானம் வரைக்கும் ஓடும்.

முதலாளி இதையெல்லாம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்.

“கைராசி. தம்பி கை வெச்சா ஓடுது. அந்தம்மா கை வெச்சா நிக்குது. கடைய திறக்கவே நான் கைராசி பாத்துதான் ஆள் வெப்பேன்.”

அதன் பிறகு வைத்தியம் தொடங்கியது. மேசையை வடகிழக்கு பார்க்கத் திருப்பினார்கள். திருப்பியதில் வயர் எட்டவில்லை, புது வயர் வாங்கினார்கள். முதலாளியின் மைத்துனர் வந்து, கம்ப்யூட்டருக்குக் கண்பட்டிருக்கிறது என்று ஒரு எலுமிச்சம்பழத்தைத் திரைக்கு மேலே வைத்துவிட்டுப் போனார். அது இரண்டு முறை உருண்டு விழுந்து, ஒரு முறை அக்காவின் தலையில் பட்டது. எலுமிச்சம்பழம்கூட அந்தம்மாவிடம் நிற்க மாட்டேன் என்கிறதே என்றார் முதலாளி. நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கடைசியில், சாமியெல்லாம் கைவிட்ட பிறகு, செராஸிலிருந்து கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் ஒரு சீனரைக் கூப்பிட்டார்கள். அவர் மவுசைக் கவிழ்த்து, அடிமூடியைத் திருகி, உருண்டையை வெளியே எடுத்தார். உள்ளே நகத்தால் சுரண்டி, வெள்ளையாக ஒரு கட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

“இனி பெடாக் லா, பாஸ்.”

மலாயில் ‘இது பவுடர்’ என்று அர்த்தம். முதலாளி என்னைப் பார்க்கவே இல்லை. நேராக அக்காவைப் பார்த்தார். சாப்பிட்டு முகம் கழுவி, கைப்பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வேலைக்கு உட்காருவது அக்காவின் வழக்கம். கடையில் இருந்த ஒரே பெண்ணும் அவர்தான். வழக்கு ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

“நான் மூஞ்சிக்குத்தான் போடுறேன் பாஸ். கைய தொடச்சிட்டுத்தான் உக்காருவேன்” என்றார் அக்கா.

“பரவால்ல லா. சீசன் முடியிற வரைக்கும் வேணாம், இந்த வாரமே ஸ்டோருக்குப் போயிடுங்க. அங்க மவுஸ் இல்ல, போட்டுக்கிட்டு வரலாம்” என்றார் முதலாளி.

கேரம் பவுடர் டப்பா என் முழங்காலுக்கு நேரே டிராயரில்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பூச்சோங்குக்குப் போவது நான். வாயை மூடிக்கொண்டு, சீனர் உருண்டையைத் துடைப்பதை ஏதோ சர்க்கஸ் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் கழித்து அக்கா தன் சாமான்களை எடுத்துவைத்தார். சாப்பாட்டு டப்பா, ஆபீசுக்குள் போடும் செருப்பு, அந்த வகுப்பு நோட்டு. போகும்போது என் அறைக்கு வந்தார். குரலில் கோபமே இல்லை.

“தம்பி, மூஞ்சிக்குப் போடுற பவுடர்ல வாசம் இருக்கும். மவுசுக்குள்ள இருந்ததுல வாசமே இல்ல. எங்க வீட்டுக்காரரும் கேரம் ஆடுறவருதான்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே அக்கா” என்றேன்.

“நான் சொன்னா தப்பிச்சிக்கப் பாக்குறேன்னு சொல்வாரு. நீ சொன்னாத்தான் நம்புவாரு. சொல்லுவேன்னு மூணு நாள் பாத்தேன்.”

மறுநாள் காலையில் கடை திறந்ததும் முதலாளி முன்னால் போய் நின்றேன். பவுடர் போட்டது நான்தான், அக்கா இல்லை என்று சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியது.

“அந்தம்மாவுக்காகப் பழிய உன் தலையில போட்டுக்கிற. இந்தக் காலத்துல யாருக்குத் தம்பி வரும் இந்த மனசு?”

“இல்ல பாஸ், உண்மையாவே நான்தான்.”

“போதும் தம்பி. போய் வேலையப் பாரு.”

டப்பா பத்தடி தூரத்தில் இருந்தது. எடுத்து வந்து மேசையில் வைத்திருந்தால் நம்பியிருப்பார். அறைக்குப் போனேன், டிராயரைப் பூட்டினேன், கம்ப்யூட்டரைத் திறந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. அதை இன்று வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த சீசன் முழுக்க அட்டைகளை நான் வடிவமைத்தேன். அக்கா அவற்றை மடித்து உறையில் போட்டார்.