கடலுக்குள் கொஞ்சம் கிறவல்

பல்கலைக்கழகத்துக் கம்பஸ்காரர்கள் கடலடி மண்ணை ஆராய என் தோணியை வாடகைக்குக் கேட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கரையில இவ்வளவு மண் சும்மா கிடக்க, கடலுக்குள்ள போய் என்னத்துக்கு மிஸ் அள்ளுறீங்க? வீடு கட்டவா?"

"கதைக்காம ஓட்டுங்க தம்பி" என்றார் அவர்களுக்குப் பொறுப்பாக வந்த மிஸ்.

கயிற்றில் கட்டிய இரும்பு வாய் ஒன்று அடிக்கு இறங்கி, ஒரு கடி மண்ணைக் கவ்விக்கொண்டு மேலே வரும். தட்டில் கொட்டி விரலால் கிளறுவார்கள். கரையோரம் பழுப்பு மணல். ஆற்றுவாய்க்கு நேரே கறுத்த சேறு, வயல் வாசத்தோடு. கடலடித் திட்டான கல்லுப் பாரை நெருங்கியதும் பவள முருகைக்கல் துண்டும் சிப்பித் தூளுமாக வெள்ளை வெளேரென்று வந்தது.

"இதெல்லாம் உயிரோட இருந்தது தம்பி. செத்து, உடைஞ்சு, மண்ணாப் போயிருக்கு."

"அப்ப எங்கட மையவாடிய விடப் பெரிய மையவாடி கடலுக்குள்ள இரிக்கி எண்டு சொல்லுங்க."

மிஸ் சிரித்துவிட்டார். அடுத்த தட்டில் என் சிரிப்பு நின்றது. பாரின் கரைப்பக்கப் பள்ளத்து வெள்ளை மணலுக்குள் மிளகளவில் சிவப்புக் கற்கள்.

"இது கிறவல். ரோட்டுக்குப் போடுற செம்மண், கடல்ல இருக்காது. இஞ்ச எப்படி வந்திச்சு?"

எனக்குத் தெரியும்.

எங்கள் மையவாடி கடற்கரையில். உம்மாவை அடக்கிய வருடமே கடல் கரையை அரிக்கத் தொடங்கியது. வெள்ளை மணல் நிற்காது என்று வாப்பா சாகாமம் ஊர்ப் பக்கமிருந்து உழவு மெசின் பெட்டி நிறையக் கிறவல் ஏற்றி வந்து, உம்மாவின் கபுறைச் சுற்றி இடித்து இறுக்கினார். வேறு யாரும் அப்படிச் செய்யவில்லை.

"என்ன வாப்பா, உம்மாக்கு ரோட்டுப் போடுறீங்களா?"

மண்வெட்டியை ஓங்கினார். பிறகு இருவரும் சிரித்தோம்.

அந்த மாரியில் மையவாடியின் அந்த மூலையையே கடல் கொண்டுபோனது. தலைமாட்டில் நட்ட மீசான் கட்டைகூட மிஞ்சவில்லை. அதற்குப் பிறகும் வாப்பா ஜும்ஆ முடிந்து கரைக்குப் போவார். எந்தப் பக்கம் பார்த்துச் சலாம் சொல்வதென்று தெரியாமல் நின்றுவிட்டு வந்துவிடுவார்.

"மிஸ், அதில ஒரு பிடி தாங்களன்."

"ஏலாது தம்பி. ஆராய்ச்சிக்கு எடுத்த மண். உங்களுக்கு என்னத்துக்கு?"

ஒரு பகிடியும் வரவில்லை. "எங்கட உம்மாட மண் மிஸ்."

என் முகத்தைப் பார்த்தார். என் தண்ணீர்ப் போத்தலுக்குள் கொஞ்சத்தைக் கொட்டினார்.

வீட்டில் அதை வாப்பாவின் உள்ளங்கையில் கவிழ்த்தேன். ஒரு சிவப்புக் கல்லை உருட்டிப் பார்த்தார். நான் விளக்கத் தேவையிருக்கவில்லை.

"எங்க?"

"கல்லுப் பாருக்கு இஞ்சால, பள்ளத்துல."

"என்ன ஆழம்?"

"நாலு பாகம், நாலு ஆள் உயரம் வரும் வாப்பா."

கையை மூடிக்கொண்டார். "நாங்க கபுறை நெஞ்சளவுதானே மகன் வெட்டின" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை என்னையும் கரைக்குக் கூட்டிப் போனார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "பார் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

கையை நீட்டிக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.