லெஃப்ட் கார்னர் யாருக்கு

கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பிறகு, ஓசூர் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்குள் வருஷத்துக்கு ஒருமுறை கபடிப் போட்டி நடக்க ஆரம்பித்தது. எங்கள் கம்பெனி முதல் மூன்று வருஷமும் அதில் கலந்துகொண்டது. மூன்று வருஷமும் முதல் ஆட்டத்திலேயே தோற்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டோம். போட்டி நடத்துகிறவர்கள் எங்களுக்குச் சாப்பாட்டு டோக்கன் அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது.

அந்த அணியில் நான் லெஃப்ட் கார்னர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து டிப்ளமோ சர்ட்டிபிகேட்டோடு வந்து, பைக்குக்கு பிரேக் சாமான் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தவன். கபடியில் ஏழு பேர் சங்கிலியாகக் கை கோத்து நிற்கும்போது, இடது ஓரத்தில் கடைசியாக நிற்பவன்தான் லெஃப்ட் கார்னர். பாடி வருகிறவனின் காலை அவன்தான் முதலில் பிடிக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாயங்காலம் எங்களுக்குள் ஆடும்போது பிடித்திருக்கிறேன். முப்பத்தைந்து வயதுக்கு மேல், பாடி வருகிறவன் போன பிறகு அவன் நின்ற இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தோல்விக்கு அடுத்த வாரம் ஹெச்.ஆர். மேனேஜர் கூட்டம் போட்டார். கான்பரன்ஸ் ஹால், புரொஜெக்டர், ஆளுக்கு இரண்டு பிஸ்கட். சென்னையிலிருந்து வந்தவர் அவர். கபடியில் எத்தனை பேர் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பேச ஆரம்பித்தார்.

“நாம ஏன் தோத்தோம்? நமக்கு பிளானிங் இல்ல. அடுத்த சீசனுக்கு யார் எந்த பொசிஷன், நம்ம வாய்ப்பு எப்படி, எல்லாத்தையும் எழுத்துல கொண்டுவரணும்.”

பாதுகாப்பு வாரத்துக்கு வாசகம் எழுதுகிறவன் நான்தான் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ‘கையுறை அணிந்தால் கை உன்னுடையது’ என்று எழுதி ஒரு பிளாஸ்டிக் வாளி பரிசு வாங்கியிருந்தேன். அந்த ஒரே தகுதியில் அணியின் எதிர்காலத்தை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எழுதுவதற்கு முன் ஆட்களைப் பார்க்க வேண்டுமே என்று, ஷிஃப்ட் முடிந்ததும் ஸ்கிராப் யார்டுக்குப் பின்னால் இருந்த மண் தரையில் பயிற்சிக்குப் போனேன். எங்கள் கேப்டன் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர், ஓசூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், மிஷின் பக்கத்தில் தமிழ். சாதாரண நேரத்தில் இது பெரிய வசதி. ஆட்டத்தில் சூடு ஏறினால் எந்த மொழி வரும் என்று அவருக்கே தெரியாது. எதிராளி வலது பக்கம் வந்தால் “பட்டுக்கோ!” என்பார். அந்தப் பக்கம் நின்ற, தெலுங்கு தெரிந்த தேன்கனிக்கோட்டைக்காரன் பிடிப்பான். இடது பக்கம் வந்தால் அதையே கன்னடத்தில் “ஹிடி, ஹிடி!” என்பார். நானும், பக்கத்தில் நின்ற தஞ்சாவூர்க்காரரும் அது என்ன என்று யோசித்து முடிப்பதற்குள் எதிராளி கோட்டைத் தொட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பான்.

அன்றைக்குப் பயிற்சிக்கு ஓர் ஆள் குறைந்தது. லாரியில் பெட்டி இறக்கி முடித்துவிட்டு ஓரமாக நின்று பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார் ஒருவர். பாரூர்ப் பக்கத்து விவசாயி. ஏரியில் தண்ணீர் இல்லாத மாதங்களில் கான்டிராக்டில் லோடு இறக்க வருவார். என் வயதுதான் இருக்கும், தோள் மட்டும் இரண்டு ஆளுக்கானது.

“ஏம்ப்பா, கபடி வருமா?” என்று கேப்டன் கேட்டார்.

“ஊர்ல ஆடுவனுங்க” என்றார் அவர். பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு, லுங்கியை அவிழ்த்துப் பெட்டி மேல் மடித்து வைத்துவிட்டு, டவுசரோடு வந்து இடது ஓரத்தில் நின்றார். நான் எதிர்ப்பக்கம் போனேன்.

கேப்டன் பாடிக்கொண்டு போனார். அந்த மனிதர் குனிந்தது மட்டும்தான் தெரிந்தது. கேப்டனின் கணுக்கால் அவர் கையில் இருந்தது, கேப்டனின் மற்ற பாகமெல்லாம் தரையில் இருந்தது. “தெரியாம மாட்டிட்டேன்” என்று எழுந்து மறுபடி போனார். மறுபடியும் தெரியாமல் மாட்டினார். மூன்றாவது தடவை எழுந்திருக்கவே கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

பிறகு நான் போனேன். என் காலைப் பிடித்து, உடையும் சாமான் என்று எழுதியிருக்கும் பெட்டியை இறக்குவதுபோல் என்னை மெதுவாகத் தரையில் வைத்தார்.

“அடி கிடி பட்டுச்சுங்களா சார்?”

“இல்லைய்யா.”

“நீங்க எந்த எடத்துல நிப்பீங்க?”

“லெஃப்ட் கார்னர்.”

“ஓ. நானும் அங்கதானுங்க” என்று சிரித்தார். அவர் அதைச் சும்மாதான் சொன்னார். எனக்குத்தான் அது சும்மாவாகப் படவில்லை.

அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். மற்றவர்களைப் பற்றி எழுதும்போது எனக்குள் ஒரு நீதிபதியே வந்து உட்கார்ந்துகொண்டார். கேப்டனுக்கு மூச்சு நடுக்கோடு வரைக்கும்தான் என்று எழுதினேன். ரைட் கார்னரில் நிற்கும் யூனியன் தலைவரின் சகலையைப் பற்றி, எதிராளி வரும்போது கண்ணை மூடிக்கொள்கிறார் என்று எழுதினேன். சென்டரில் நிற்கும் ஸ்டோர்ஸ்காரருக்கு எடை இருக்கிறது, அதை நகர்த்த ஆள் வேண்டும் என்று எழுதினேன். லெஃப்ட் கார்னருக்கு வந்ததும் பேனா நின்றது. ‘அனுபவம் மிக்கவர். இந்த இடத்தில் மாற்றம் தேவையில்லை’ என்று எழுதினேன்.

பாரூர்க்காரரை விட்டுவிட மனம் வரவில்லை. அவரையும் சேர்த்தேன். ‘அபாரமான பிடி. ரைட் கவரில் நிறுத்தலாம்’ என்று போட்டேன். ரைட் கவர் ஓரத்துக்கு உள்ளே, சங்கிலிக்கு நடுவில் இருக்கும் இடம். தனியாகக் கணுக்கால் பிடிக்கிறவனை அங்கே நிறுத்துவது, நல்ல டிரைவரைக் கொண்டுவந்து பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கச் சொல்வது மாதிரி. அது எனக்கு எழுதும்போதே தெரியும்.

இரண்டாவது கூட்டத்தில் என் அறிக்கையைத் திரையில் போட்டார்கள். ஹெச்.ஆர். மேனேஜர் வரிவரியாகத் திருத்தினார். ‘மூச்சு நடுக்கோடு வரைக்கும்தான்’ என்பது ‘மூச்சு மேலாண்மையில் முன்னேற்றத்துக்கு இடமுண்டு’ ஆனது. ‘கண்ணை மூடிக்கொள்கிறார்’ என்பது ‘பதற்றமற்றவர்’ ஆனது. என் வரியில் மட்டும் கை வைக்கவில்லை. பாரூர்க்காரரின் பெயருக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

“இது யாரு? நம்ம பர்மனென்ட் லிஸ்ட்ல இல்லையே?”

“கான்டிராக்ட் சார். ரொம்ப நல்லா ஆடுறாரு” என்றேன்.

“ஆடட்டும். ஆனா கம்பெனி பேர் போட்ட ஜெர்சிய மாட்டிவிட்டு நிக்க வெச்சா, நாளைக்கு லேபர் கோர்ட்ல அந்த ஜெர்சியத்தான் முதல் சாட்சியா காட்டுவான். நான் இங்கதான் வேலை பாக்குறேன், பாருங்க போட்டோன்னு.”

நான் யூனியன் தலைவரைப் பார்த்தேன். தொழிலாளிக்காகத் தினமும் கேட்டில் குரல் கொடுக்கிறவர் அவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, “அவரு நம்ம மெம்பர் இல்லீங்களே” என்றார். “பர்மனென்ட் ஆளுங்க ஏழு பேர் இருக்கறப்ப வெளி ஆள விட்டா, அப்பறம் அதுவே பழக்கமாயிடும்.”

சம்பள ஒப்பந்தம் முடிந்து ஒரு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்தது. நிர்வாகமும் யூனியனும் அந்த வருஷம் ஒரே வரியில் ஒத்துப்போனது அன்றைக்கு ஒருநாள்தான். கை குலுக்காத குறை. நான் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசினால் ‘சரி, யாருடைய இடத்தில்?’ என்று கேட்பார்கள். பிஸ்கட்டை எடுத்துக் கடித்தேன்.

திருத்திய அறிக்கை கேன்டீன் வாசலில் ஒட்டப்பட்டது. ‘அடுத்த சீசனில் நமது வாய்ப்பு மிகப் பிரகாசம்’ என்று முடிந்தது. அந்தக் கடைசி வரி நான் எழுதியது இல்லை. ஆனால் நான் எழுதிய முதல் பிரதியை டைப் அடித்தவர் டீ நேரத்தில் கேன்டீனில் உரக்கப் படித்துக் காட்டியிருந்தார். அதன் பிறகு ஸ்டோர்ஸ்காரர் எனக்கு ஒரு ஸ்பேனர் வேண்டுமென்றாலும் மூன்று கையெழுத்துக் கேட்டார். கேப்டன் ஒரு மாதம் என்னிடம் எந்த மொழியிலும் பேசவில்லை.

கொஞ்ச நாளில் பாரூர்க்காரர் எங்கள் கேட் பக்கம் வருவது நின்றுபோனது. ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது.

போட்டி குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு மைதானத்தில் நடந்தது. ஹைவேயில் போகிற லாரிக்காரர்கள்கூட நிறுத்திவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். எங்களுக்குப் புது ஜெர்சி, மேளம், ஹெச்.ஆர். மேனேஜருக்குத் தொப்பி. முதல் ஆட்டம், ஓசூரில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் கம்பெனியோடு. அவர்கள் மைதானத்தில் இறங்கி நின்றபோது எங்கள் கேப்டன் தன் கணுக்காலைக் குனிந்து தடவிக்கொண்டார். அங்கே லெஃப்ட் கார்னரில், பச்சை ஜெர்சியில், பாரூர்க்காரர் நின்றிருந்தார்.

இரண்டு கம்பெனிக்கும் ஆள் அனுப்புவது ஒரே கான்டிராக்டர். அந்தக் கம்பெனிக்காரர்கள் கபடி பார்க்கத் தெரிந்தவர்கள். அவருக்கு மூன்று மாத டிரெய்னி என்று ஒரு கடிதம் அடித்துக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

கேப்டன் ஆளை அடையாளம் சொன்னதும் ஹெச்.ஆர். மேனேஜர் நடுவரிடம் ஓடினார்.

“அவரு எப்படி அவங்களுக்கு ஆடலாம்? அவரு நம்ம ஆளு!”

நடுவர் ஓர் அரசுப் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர். அவசரமே இல்லாதவர். ஒரு தாளை நீட்டி, “புகாரை எழுத்துல கொடுங்க சார். இவர் எங்க கம்பெனித் தொழிலாளின்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வெச்சுக் குடுங்க. இப்பவே விசாரிச்சுடறேன்” என்றார்.

மேனேஜர் பேனாவைத் திறந்தார். ‘இவர் எங்கள்’ என்று எழுதினார். அங்கே நின்றது. யூனியன் தலைவர் பின்னால் நின்று ஆர்வமாக எட்டிப் பார்த்தார். மேனேஜர் அவரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். எழுதியதை அடித்தார். அடித்தாலும் படிக்க முடிகிறது என்று தோன்றியிருக்க வேண்டும், தாளையே நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

“வேற யாரோன்னு நெனச்சுட்டேன்” என்றார் நடுவரிடம். “ஆரம்பிங்க.”

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகப் பாடிக்கொண்டு போனார்கள், அவர் ஒவ்வொருவராக இறக்கி வைத்தார். எங்கள் பக்கம் வந்தவர்களெல்லாம் கேட் திறந்திருப்பதைப் பார்த்ததுபோல் என் ஓரத்தின் வழியாகத்தான் உள்ளே புகுந்து மற்றவர்களைத் தொட்டுவிட்டுப் போனார்கள். கேப்டன் மூன்று மொழியிலும் கத்திப் பார்த்தார். இந்தத் தடவை எனக்கு மூன்றும் புரிந்தது. புரிந்தும் கால் நகரவில்லை. கடைசியில் நான் ஒருவன் மட்டும் மிஞ்சினேன். பாடிக்கொண்டு போனேன், என் கால் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

“மெதுவா எந்திரிங்க சார்” என்று கை கொடுத்தார்.

ஆட்டம் முடிந்ததும் மைதானத்து ஓரத்தில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் அவர் தனியாக நின்றிருந்தார். நான் போய் நின்றேன்.

“நீங்க எழுதுனத கேன்டீன்ல படிச்சாங்க சார். நானும் கேட்டனுங்க” என்றார். “என்னைப் பத்தி நல்லா எழுதியிருந்தீங்க. அபாரமான பிடின்னு. வீட்ல போய்ச் சொன்னனுங்க.”

“ம்.”

“ஆனா ரைட் கவர்னு போட்டிருந்தீங்களே, அதான் புரியல. மறந்துட்டீங்களோ?”

மறந்துவிட்டேன் என்று சொல்ல அவரே வழி விட்டுக் கொடுத்தார். வாய் வரைக்கும் வந்தது.

“மறக்கல” என்றேன். “அந்த இடத்துல நான் நின்னுக்கிட்டு இருந்தேன். அதை விட மனசு வரல.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபம் இல்லை. எனக்கென்று நினைத்து வைத்திருந்த மரியாதையில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

“கேட்டிருந்தா நானே கவர்ல நின்னிருப்பனுங்க” என்றார். “ஆடக் கூப்பிட்டாப் போதும்னுதான இருந்தேன்.” பிறகு, அவருடைய ஆட்கள் அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிட, ஓடிப்போனார்.

அந்தக் கம்பெனி கோப்பையை வாங்கியது. மறுநாள் அவர்களுக்கு டிரெய்னி தேவைப்படவில்லை. அடுத்த திங்கட்கிழமை பாரூர்க்காரர் எங்கள் கேட்டில் லாரிக்குக் காத்து நின்றார். செக்யூரிட்டி அவருக்கு வழக்கம்போல் ‘விசிட்டர்’ என்று சீட்டுக் கொடுத்தான். ஹெச்.ஆர். மேனேஜரின் கார் அவரைத் தாண்டித்தான் உள்ளே போனது. கண்ணாடி ஏற்றியிருந்தது.

மழை வந்து ஏரி நிரம்பி, வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் அவர் நாற்று நடப் போய்விட்டார். அதற்கு முன்பே நான் முழங்காலைக் காரணம் சொல்லி அணியிலிருந்து விலகினேன். காரணம் முழங்கால் இல்லை என்று கேப்டனுக்குத் தெரியும். முதல்முறையாக என்னிடம் சுத்தமான தமிழில், “நல்ல முடிவு” என்றார்.

கபடியில் தகராறு அதிகம் வருகிறது என்று நிர்வாகம் அடுத்த வருஷம் கயிறு இழுக்கும் போட்டிக்கு மாறியது. அதில் பொசிஷன் பிரச்சினை இருக்காது என்றார்கள். யார் முன்னால் நிற்பது என்று முடிவு செய்யவே ஐந்து பேர் கொண்ட கமிட்டி போட வேண்டியிருந்தது. யூனியன் தலைவரின் சகலை முன்னால் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு இழுக்கலாம் என்பதால் அவருக்கு அந்த ஆட்டம் நன்றாகவே வந்தது.