செய்தித்தாளில் விசாரித்த மாப்பிள்ளை வீடு

அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டு பேஸ்மென்ட்டில் இரண்டு வருடம் குடியிருந்தேன். மேலே ஆன்ட்டி, அங்கிள், அவர்களுடைய ஒரே மகள். ஆன்ட்டிக்குக் கரூர்ப் பக்கம். அங்கிளுக்கு மருந்துக் கம்பெனியில் வேலை. மகள் இங்கேயே பிறந்து, பல் மருத்துவம் படித்து முடித்திருந்தாள். தன்னுடன் படித்த அமெரிக்கப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக அவள் வீட்டில் சொன்ன வாரம், ஆன்ட்டி என்னை மேலே கூப்பிட்டு இட்லி வைத்தார்.

"தம்பி, ஆளுங்க விவரத்தைத் தேடிக் கண்டுபிடிக்கறதுதானே உன் வேலை?"

கிட்டத்தட்ட அதுதான். ஒரே வாடிக்கையாளர் நாலு இடத்தில் நாலு விதமாகப் பதிவாகியிருப்பார். அந்த நாலும் ஒரே ஆள்தான் என்று கண்டுபிடித்துச் சேர்க்கும் வேலை.

"அப்போ இந்தப் பையனோட குடும்பத்தைக் கொஞ்சம் விசாரிச்சுக் குடு. ஊர்ல எங்க அண்ணன்கிட்ட சொல்லாம எங்க குடும்பத்துல ஒரு கல்யாணமும் நடந்ததில்ல. போன் பண்ணா முதல் கேள்வியே, என்ன குடும்பம், விசாரிச்சியான்னுதான் கேட்பார். நம்ம பக்கம்னா ரெண்டு பேர்கிட்ட கேட்டா ஏழு தலைமுறை வந்துடும். இங்க நான் யார்கிட்ட போய் கேட்கறது?"

"எஃப்.பி.ஐ.கிட்ட கேளு" என்றார் அங்கிள், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீங்க சும்மா இருங்க."

மகள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். "அம்மா, திஸ் இஸ் இன்சேன்" என்றாள். ஆனால் அண்ணனுக்கு போன் போகாமல் அம்மா சம்மதிக்கப்போவதில்லை, விசாரிக்காமல் அந்த போன் போகப்போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும். மறுநாள் அவளே பையனுடைய தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர்களை ஒரு தாளில் எழுதி என் கதவடியில் செருகியிருந்தாள். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: அவனுக்கு இதற்கு மேல் தெரியாது, இங்கிலாந்து என்று நினைக்கிறான், ப்ளீஸ் சீக்கிரம்.

ஊர்ப் பொது நூலகத்தில் பழைய பதிவேடுகளையும் செய்தித்தாள்களையும் கணினியில் இலவசமாகப் பார்க்கலாம். சனிக்கிழமை காலைகளில் போய் உட்கார்ந்தேன். அமெரிக்கப் பக்கம் சுலபமாக நகர்ந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் ஒரு தலைமுறையைப் பிடித்தால் அதற்கு முந்தையது தானாக வந்தது. பையனுடைய தாத்தாவின் தாத்தாதான் கப்பலேறி வந்தவர். அவருடைய கல்யாணப் பதிவில் தாய் தகப்பன் பெயரும் பிறந்த ஊரும் இருந்தன. வட இங்கிலாந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர்.

அந்த ஊருக்கு வாரம் ஒருமுறை வரும் செய்தித்தாள் ஒன்று இருந்திருக்கிறது. கப்பலேறியவரின் தகப்பனார் அதில் இரண்டு முறை வருகிறார். ஒருமுறை, வெங்காயத்தாள் போலத் தடியாக வளரும் லீக் செடியைப் பெரிதாக வளர்த்ததற்கு இரண்டாம் பரிசு. இன்னொரு முறை, குடித்துவிட்டுத் தெருவில் பாடியதற்கு அபராதம். இரண்டையும் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"பாடினதுக்கா ஃபைன் போட்டாங்க?" என்றார் ஆன்ட்டி.

"குடிச்சிட்டுப் பாடினதுக்கு ஆன்ட்டி."

"உங்க அண்ணன் பேரு பேப்பர்ல வரலைங்கறதுதான் வித்தியாசம்" என்றார் அங்கிள். ஆன்ட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அன்றே போன் போட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். இன்னும் ஒரே ஒரு வாரம், பிறப்புப் பதிவையும் பார்த்துவிடுகிறேன் என்று சொன்னது நான்தான்.

தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் கப்பலேறியவரின் பெயரைக் கண்டுபிடித்தேன். தாய் தகப்பன் பெயரும் தெருவும் சரியாக இருந்தன. அதே தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டிலும் அந்தப் பெயர் இருந்தது. அதே தெரு. வயது என்ற இடத்தில், பதினொரு மாதம்.

கப்பல் பட்டியலை எடுத்து ஒப்பிட்டேன். ஏறிய ஆளின் வயதைக் கணக்குப் போட்டால், அந்தக் குழந்தை உயிரோடிருந்தால் ஆகியிருக்கும் வயதைவிட இரண்டு குறைவாக வந்தது. பெயர், ஊர், பெற்றோர் மூன்றும் ஒன்றானால் ஆளும் ஒன்று என்பது என் வேலையில் பாலபாடம். அந்த ஆள் பதினொரு மாதத்தில் செத்திருந்தால், கப்பலேறியவன் வேறு யாரோ. செத்த குழந்தையின் பெயரை எடுத்துக்கொண்டவன், வயதில் தவறிவிட்டான். இப்படித்தான் எனக்குத் தோன்றியது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் கொஞ்சம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் ஆன்ட்டியிடம் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார்.

"செத்த குழந்தையோட பேர்ல ஒருத்தன் கப்பலேறினான்னா, அங்க என்ன பண்ணிட்டு ஓடி வந்தானோ. அப்போ இவங்க யாரு? இந்தப் பேரே இவங்களோடது இல்லையா?"

"அது தெரியல ஆன்ட்டி."

"அண்ணன்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

அந்த வாரம் போன் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. பையனை வீட்டுக்குக் கூட்டிவருவதாக இருந்தது, அதுவும் நின்றது. மகள் வேலை முடிந்து வந்தால் தட்டை எடுத்துக்கொண்டு நேரே மாடிக்குப் போனாள். ஒருநாள் பேஸ்மென்ட் படியில் பாதிவரை இறங்கி நின்று கேட்டாள்.

"ஆர் யூ ஷ்யூர்? ஹண்ட்ரட் பர்சென்ட்?"

"ரெக்கார்ட்ல அப்படித்தாங்க இருக்கு."

"தட்ஸ் நாட் வாட் ஐ ஆஸ்க்ட்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை நூலகத்தில், பதிவேடுகள் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்காரப் பெண்மணியிடம் இரண்டு தாள்களையும் காட்டினேன். அவர் முழுதாகப் படிக்கக்கூட இல்லை. அடுத்த குழந்தையைப் பார்த்தாயா என்று கேட்டார். எந்த அடுத்த குழந்தை என்றேன். ஒரு பிள்ளை செத்தால் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு அதே பெயரை வைப்பது அந்தக் காலத்தில் அங்கே சாதாரணம் என்றார். சில வீடுகளில் மூன்றாவது பிள்ளைவரை அதே பெயர் போகுமாம்.

திரும்பிப் போய்ப் பதிவேட்டைப் புரட்டினேன். முதல் குழந்தைக்கு இரண்டு வருடம் கழித்து அதே தாய், அதே தகப்பன், அதே பெயர். அதற்குப் பிந்தைய கணக்கெடுப்பில் அவன் வீட்டில் வளர்ந்துகொண்டிருக்கிறான். எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தக் கணக்கெடுப்பை முதலிலேயே திறந்திருந்தால் இத்தனை நாள் வீணாகியிருக்காது. திறக்கத் தோன்றவே இல்லை.

ஏன் தோன்றவில்லை என்று காரை எடுக்காமல் வண்டி நிறுத்தத்திலேயே கொஞ்ச நேரம் யோசித்தேன். என் அப்பாவுக்கு முன்னால் இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்து செத்திருக்கின்றன. மூன்றாவதாகப் பிறந்தவரைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் தவிட்டுக்கு வாங்கியதாகப் பேச்சுக்குச் செய்து, எமன் திரும்பிப் பார்க்கக் கூசும் ஒரு பெயரை வைத்தார்கள். செத்த இரண்டின் பெயரும் யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் அவற்றைச் சொல்லவே மாட்டார்கள். அப்பாவின் பெயரையும் கைநாட்டையும் நான் தாளில் பார்த்தது என் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில்தான். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவனுக்கு, ஒரு தாய் செத்த பிள்ளையின் பெயரையே மறுபடியும் எடுத்து வைப்பாள் என்று எப்படித் தோன்றும். இது காரணம்தான். சாக்கு ஆகாது.

அன்று மதியமே மேலே போனேன். மூன்று பேரும் இருந்தார்கள்.

"தப்பு என்மேலதான் ஆன்ட்டி. கப்பலேறினவர் அந்த வீட்டுப் பிள்ளைதான்" என்று தொடங்கி, தாள்களை மேஜையில் வரிசையாக வைத்துச் சொன்னேன். மகள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தாள்களை அம்மா பக்கம் நகர்த்தினாள்.

ஆன்ட்டி இரண்டு ஞானஸ்நான வரிகளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பெத்தவ தினமும் கூப்பிட்டிருப்பாளே" என்றார். "சாப்பிட வாடான்னு, இந்தப் பேரைச் சொல்லித்தானே கூப்பிட்டிருப்பா."

அங்கிள் பேப்பரை மடித்து வைத்தார். "கரூர்ல இப்போ ராத்திரி. நாளைக்குக் காலைல பேசிக்கலாம்" என்றார்.

மறுநாள் காலை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்கள். என்னையும் இருக்கச் சொன்னார்கள். அண்ணனுக்கு நல்ல கனத்த குரல்.

"என்ன குடும்பம்? விசாரிச்சியா?"

"விசாரிச்சாச்சுண்ணா. நூத்தம்பது வருஷத்துக்குத் தெரியும். இங்கிலாந்து. சுரங்கத்துல உழைச்ச குடும்பம். எல்லாம் ரெக்கார்டா கைல இருக்கு."

"அதெல்லாம் செத்துப்போனவங்க சங்கதி. பையனோட அம்மா எப்படி? புள்ள நாளைக்கு அங்கதானே போய் இருக்கணும்?"

ஆன்ட்டி மகளைப் பார்த்தார். மகள் அங்கிளைப் பார்த்தாள். பையனின் அம்மா இருப்பது ஹைவேயில் நாற்பது நிமிடத் தூரத்தில். ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறார். மகளைத் தவிர எங்களில் யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"என்னம்மா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேண்ணா. இன்னும் பேசல."

"பேசாம என்னத்த விசாரிச்ச? முதல்ல பேசு. பேசிட்டு எனக்குச் சொல்லு. எனக்கு விசா எடுக்கவே நாளாகும், அதையும் பாருங்க."

போன் வைத்த பிறகு அங்கிள் சிரிக்க ஆரம்பித்தார். ஆன்ட்டி அவரை முறைத்தார். பிறகு மகளிடம் கையை நீட்டினார்.

"அவங்க நம்பரைக் குடு."

"நவ்? அம்மா, ஷி மைட் பி அட் சர்ச்."

"வந்து எடுக்கட்டும். மெசேஜ் வைக்கறேன்."

மகள் தன் போனிலேயே எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். நான் தாள்களை அடுக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். மேலே ஆன்ட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதாவது அலுவலகத்துக்கு போன் பண்ணும்போது பேசும் ஆங்கிலத்தில் தன் பெயரை மெதுவாக, இரண்டு முறை சொல்வது கேட்டது.