கொட்டச் சொன்ன கடல்நீர்

எங்கள் ராயபுரம் மீனவர் குப்பத்திலிருந்து விலங்கியல் பட்டம் படிக்கப் போனவள் நான் ஒருத்திதான். செல்லியல் ஆசிரியர் என் மேசைப் பக்கம் வந்தாலே கைக்குட்டையால் மூக்கைப் பொத்துவார். வகுப்பே சிரிக்கும். அந்தக் கைக்குட்டையைக் கொளுத்த வேண்டும் போலிருக்கும்.

வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வந்த அன்று, கருவுற்ற முட்டை இரண்டு செல்லாகப் பிரிவதை நுண்ணோக்கியில் காட்ட எங்கள் ஆசிரியருக்கு ஆசை. அதற்கான முள்பந்து போன்ற கடல் முள்ளெலிகளை என்னிடம்தான் கேட்டிருந்தார். நைனா வலையில் சிக்கியவற்றைக் கடல்நீரோடு வாளியில் கொண்டுபோனேன்.

ஆசிரியர் கைக்குட்டையை எடுத்தார். "சே, என்ன நாத்தம்! தண்ணியக் கொட்டு."

"அது இல்லாங்காட்டி முட்ட தாங்காது சார்."

"உன் குப்பத்து பாஷையில எனக்கே பாடமா?"

கொட்டினேன். குழாய்த் தண்ணீரில் ஒரு பிடி உப்பைக் கரைத்து, முள்ளெலிகளிலிருந்து எடுத்த முட்டைகளை அதில் விட்டார்.

விருந்தினர் குனிந்து பார்த்தார். "எல்லாம் வெடிச்சுக் கிடக்கே?"

ஆசிரியர் என்னிடம் ஓடி வந்தார். "மிச்ச முட்டைய விட கொஞ்சம் கடல்தண்ணி இருக்காம்மா?"

வழியில் சிந்தினால் ஊற்றிக்கொள்ள நைனா தந்த புட்டி என் பையில் இருந்தது. எடுத்தேன். அவர் கை நீட்டினார். மூடியைத் திறந்து, அவர் கண்ணெதிரே கழுவுதொட்டியில் கவிழ்த்தேன்.

"நாறுது சார். நீங்கதான கொட்ட சொன்னீங்க?"