எட்டு வீட்டுக்குத் தலைவி

இல்லை, இல்லை, மூக்கு என்னுடையதுதான். கண் மட்டும் சம்பந்தியம்மாவுடையது. பேத்தி எரினா பிறந்து மூன்று மாதம் ஆகிறது. தெருச் சங்கத் தலைவர் குரோஇவா அவளை எட்டிப் பார்த்துவிட்டு, "பாதியா?" என்று கேட்டார். அப்பா ஜப்பான், அம்மா பிரேசில், அதனால் பாதியாம். "முழுசாத்தான் பொறந்திருக்கா தலைவரே, மூணு கிலோ நூறு கிராம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அவர் படித்தவர்.

நான் சொல்ல வந்தது சம்பந்தியம்மா ஹெலேனா நாகதோமியைப் பற்றி. அவருடைய தாத்தா ஜப்பானில் குமமோதோவிலிருந்து கப்பலேறி பிரேசிலுக்குக் காப்பி பறிக்கப் போனவர். ஹெலேனா அங்கே பிறந்தார். அங்கே அவரை ஜப்பான்காரி என்றார்கள். முப்பத்திரண்டு வயதில் எங்கள் குன்மா ஊருக்கு வேலைக்கு வந்தார். இறங்கிய அன்றே பிரேசில்காரி ஆகிவிட்டார். விமானத்தில் எந்த இடத்தில் மாறினார் என்று அவருக்கே தெரியாது.

சாப்பாட்டுப் பெட்டி கட்டும் தொழிற்சாலையில் நின்றே காலம் தள்ளி, கணவர் போய்ச் சேர்ந்த பிறகு, மகளை வைத்துக்கொண்டு தனியாளாக எங்கள் தெருவில் வீடு வாங்கினார். தெருச் சங்கத்தில் எங்கள் குழுவுக்கு எட்டு வீடு. வருஷத்துக்கு ஒரு வீடு தலைமை. தலைமை என்றால் பல்லக்கு இல்லை. குப்பை போடும் இடத்தைக் கழுவ வேண்டும், பைகளில் வீட்டுப் பெயர் எழுதியிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும், நகராட்சி அறிவிப்பு அட்டையை வீடு வீடாகச் சுற்றுக்கு விட வேண்டும். முறை வரும் வருஷம் எல்லாருக்கும் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இருந்தாலும் யாரையும் விட்டதில்லை.

ஹெலேனாவை மட்டும் விட்டோம். இரண்டு முறை. "பாவம், அவங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குத் தாண்டினோம். முதல் தடவை, நல்ல மனிதர்கள் என்று நினைத்து அந்த அம்மா எல்லா வீட்டுக்கும் சோளமாவு கேக் சுட்டுக் கொடுத்தார். இரண்டாம் தடவை கேக் வரவில்லை. தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். கேக்கும் சாப்பிட்டேன்.

இதில் ஒரு கூத்து உண்டு. நான் இரண்டு முறை தலைவனாக இருந்தவன். பதினைந்து வயதில் தகடு அடிக்கும் பட்டறைக்குப் போனவன் நான். அதற்கு முன்பும் பள்ளிக்கூடத்தைவிட வயலில்தான் அதிகம் நின்றேன். எங்கள் பாஷையில் எழுத்துகள் ஆயிரக்கணக்கில். பீர் புட்டியில் இருப்பவை எனக்கு அத்துப்படி. நகராட்சிக் காகிதத்தில் வருகிறவற்றோடு எனக்குப் பழக்கமில்லை. அதனால் அட்டை வந்ததும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே ஹெலேனா வீட்டுக்குப் போவேன். அவர் சனிக்கிழமை வகுப்பில் உட்கார்ந்து, நோட்டு நோட்டாக எழுதிக் கற்றவர். காப்பி கொடுத்து, வரி வரியாகப் படித்துச் சொல்வார். படித்ததற்கு அடையாளமாக நான் என் முத்திரையைக் குத்துவேன். அப்படிப் போய் வந்ததில்தான், என்னைக் கூப்பிட வந்த என் மகன் அவர் மகளைப் பார்த்தான். எனக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் எரினா ஏது?

இந்த மார்ச்சில் மூன்றாம் முறையாக அவர் வீட்டு முறை வந்தது. ஞாயிறு மத்தியானம் கூட்டம். ஹெலேனா முடி வெட்டி, நல்ல கோட்டு போட்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "இந்தத் தடவையும் தாண்டினா வீட்ட வித்துட்டுப் போயிருவேன் சம்பந்தி" என்று வழியிலேயே சொல்லியிருந்தார்.

குரோஇவா கனிவாக ஆரம்பித்தார். "ஹெலேனாம்மாவுக்கு எழுத்தெல்லாம் கஷ்டமா இருக்கும். நாம தொந்தரவு குடுக்க வேணாம். அடுத்தது சுகாயாம்மா வீடு."

சுகாயாம்மாவின் கை தானாக இடுப்புக்குப் போனது.

ஹெலேனா எழுந்தார். "எனக்கும் தொந்தரவு குடுங்க."

"அடடா, நம்ம பாஷைய என்ன அழகாப் பேசுறீங்க!" என்றார் குரோஇவா. முப்பது வருஷமாக இங்கே இருப்பவரிடம். "நீங்க உக்காருங்கம்மா. நாங்க பாத்துக்கறோம்."

அந்த அம்மா உட்காரவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேனோ என்னவோ.

"தலைவரே, எனக்குப் படிக்கத் தெரியாது" என்றேன்.

"என்ன தோகுஜி, வெளையாடுறியா?"

மேஜையில் கிடந்த நகராட்சி அறிவிப்பை எடுத்து எழுந்து நின்றேன். தேதியைப் படித்தேன். எண்கள் வரைக்கும் நான் கெட்டிக்காரன். பிறகு வாய் ஓடவில்லை. எழுபத்தொரு வயதில், அக்கம்பக்கத்தார் முன்னால், காது இரண்டும் சுட்டது. காகிதத்தை ஹெலேனாவிடம் நீட்டினேன். அவர் கடைசியில் இருந்த தொலைபேசி எண் வரை, எங்கும் தடுக்காமல் படித்து முடித்தார்.

"அப்போ, நீ தலைவரா இருந்த ரெண்டு வருஷமும்?" என்றார் குரோஇவா.

"அவங்கதான் தலைவர். நான் முத்திரை."

முதலில் கைதட்டியது சுகாயாம்மா. முறை தன் வீட்டுக்கு வராமல் போனதில் அவருக்கு வந்த சமத்துவ உணர்ச்சி மற்றவர்களையும் தொற்றிக்கொண்டது. குரோஇவாவும் தட்டினார். "இது நம்ம தெருவுக்கே பெருமை" என்றார், தானே ஏற்பாடு செய்தவர் மாதிரி.

ஏப்ரலில் ஹெலேனா பொறுப்பேற்றார். இன்று காலை மழை. எரினாவைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, குடையோடு குப்பை போடும் இடத்துக்குப் போனேன். பேத்தி இன்றுதான் முதல் முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்திருந்தாள், அதைச் சொல்லாமல் இருக்க முடியுமா? காக்காய்கள் குப்பையை மூடியிருந்த வலையை விலக்கிப் பைகளைக் கிழித்து, மீன் குடலைத் தெரு முழுக்க இழுத்திருந்தன. யாரோ ஒரு புண்ணியவான் உடைந்த மின்விசிறியைப் பெயர் எழுதாமல் வைத்துவிட்டுப் போயிருந்தார். ரப்பர் பூட்ஸும் கையில் துடைப்பமுமாக நின்ற ஹெலேனா குழந்தையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இந்தப் பாழாப்போன வேலைய யாரு சம்பந்தி கேட்டா?" என்றார்.